இருபது ரூபாய்த் தாளில் ஒரு பிரிவு

என் தங்கை மகளுக்கு விவாகரத்து ஆகிவிட்டது என்று எட்டு ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆகவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்த விவாகரத்தை எழுதியவன் நான்தான்.

நான் நீதிமன்றத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்து, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன். சிரஸ்தார் என்றால் நீதிபதிக்குக் கீழே அலுவலகம் முழுவதையும் கட்டி மேய்க்கிறவர். வக்கீல்கள் கொண்டுவரும் மனுக்களில் குறை கண்டுபிடித்து, ஓரத்தில் நாலு வரி எழுதித் திருப்பி அனுப்புவதில்தான் என் ஆயுளின் பெரும்பகுதி போனது. தேதி இல்லை, திருப்பு. கையெழுத்து ஒத்துப்போகவில்லை, திருப்பு. என்னிடம் மனு திரும்பாத வக்கீல் திருச்சியில் இல்லை என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். கேட்டவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்று அப்போது யோசித்ததில்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் யாருக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டுமானாலும், பட்டாவில் பெயர் மாற்ற வேண்டுமானாலும் என் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். கே.கே. நகரில் இருக்கும் என் தங்கை இன்னும் ஒருபடி மேலே போவாள். "எங்கண்ணன் எழுதினா ஹைகோர்ட்டே எழுதின மாதிரி" என்பாள். அவளுக்குச் சட்டம் தெரியாது. எனக்குத் தெரியும். வெட்கப்பட வேண்டிய முதல் இடம் அதுதான்.

அவள் மகளை மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையில் சூப்பர்வைசராக இருந்தவருக்குக் கொடுத்திருந்தோம். அடி, உதை, குடி எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். இரண்டு வருடம் பார்த்துவிட்டு, ஒரு கோடை விடுமுறைக்கு வந்தவள் அப்படியே அம்மா வீட்டில் தங்கிவிட்டாள். பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலையும் கிடைத்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு இரண்டு பேருமே தனித்தனியாக என்னிடம் வந்து ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: சண்டை எதுவும் வேண்டாம், முடித்துக் கொடுங்கள்.

இதைவிட எளிய வழக்கு கிடையாது. இருவரும் சேர்ந்து ஒரு மனு போட வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்து "ஆமாம், பிரியத்தான் விரும்புகிறோம்" என்று சொல்ல வேண்டும். தீர்ப்பு நகல் கைக்கு வந்துவிடும். தெருவில் போகிறவர் கேட்டிருந்தால் இதை ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்பியிருப்பேன்.

ஆனால் நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுவார்கள்.

வழக்கு எடுக்கப்படும்போது டவாலி, அதாவது கோர்ட் ஹால் வாசலில் நிற்கும் ஊழியர், வராந்தாவுக்கு வந்து கட்சிக்காரர் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார். வளாகத்து டீக்கடை வரை கேட்கும். குடும்ப நீதிமன்றம் நாங்கள் இருந்த அதே வளாகத்தில்தான் இருந்தது. நான் ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. என் தங்கை மகளின் பெயரும் அவள் அப்பா பெயரும் அந்த வராந்தாவில் மூன்று முறை ஒலிப்பதையும், என் கீழ் வேலை பார்க்கும் பையன்கள் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கி "சிரஸ்தார் வீட்டுப் பொண்ணு" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதையும் நினைத்தபோது எனக்கு உடம்பு கூசியது. முப்பது வருடமாக ஆயிரக்கணக்கான பெண்களின் பெயர் அங்கே ஒலித்ததைக் கேட்டுக்கொண்டே நான் தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன்.

ஆகவே ஒரு பிரிவு ஒப்பந்தம் எழுதினேன். இருபது ரூபாய் முத்திரைத்தாளில், என் கையாலேயே வரைவு போட்டு, தெரிந்த டைப்பிஸ்டிடம் அடித்து வாங்கினேன். 'இன்று முதல் இருவருக்கும் கணவன் மனைவி என்ற பந்தம் அற்றுப்போகிறது, இனி யாரும் யாரையும் எதற்கும் கேட்க உரிமை இல்லை, இருவரும் விரும்பியபடி மறுமணம் செய்துகொள்ளலாம்.' நடை நன்றாகவே இருந்தது. இப்படி ஒரு தாளால் இந்துத் திருமணம் எதுவும் அற்றுப்போகாது என்பது அதை எழுதிய பேனாவுக்கே தெரியும். இப்படிப்பட்ட தாளோடு வந்தவர்களை எத்தனை முறை ஏளனமாகப் பார்த்து அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

தாள் வாங்கிய அன்று அஷ்டமி. தங்கை ஃபோனில் பிடிவாதமாகச் சொன்னாள்.

"அண்ணா, அஷ்டமியில கையெழுத்துப் போட்டா விளங்குமா? நாளைக்கு நவமி. அதுவும் வேண்டாம்."

"பிரியறதுக்கு எதுக்கும்மா நல்ல நாள்?"

"அவ இனிமேலாவது நல்லா இருக்க வேண்டாமா?"

இதற்கு என்னிடம் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் இரண்டு நாள் முன்தேதி போட்டேன், சஷ்டி. தாளின் பின்பக்கம் முத்திரைத்தாள் விற்பவர் போட்ட அஷ்டமித் தேதி அப்படியே இருந்தது. அடுத்தவர் தாளில் இந்த ஓட்டையைக் கண் மூடிக்கொண்டு கண்டுபிடித்திருப்பேன்.

மண்ணச்சநல்லூருக்கு நானே போய் மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினேன். கே.கே. நகரில் அவளிடம் வாங்கினேன். இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கவில்லை. நோட்டரியிடம் இரண்டு பேருமே போகவில்லை. நான் மட்டும் போனேன். கோர்ட்டுக்கு எதிரே, டைப்பிங் கடையின் மூலையில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர். கட்சிக்காரர்கள் நேரில் வர வேண்டும், அடையாளம் பார்க்க வேண்டும், பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"பார்ட்டி வரலீங்களா சார்?"

"குடும்ப விஷயம். நானே கொண்டு வந்துட்டேன்."

"நீங்க கொண்டு வந்தா நான் எதைப் பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, பச்சை மையில் ஒன்று, ஊதா மையில் இரண்டு, சிவப்பு வட்ட ஒட்டு ஒன்று என்று அலங்காரம் செய்து கொடுத்தார். முத்திரையில் இருந்த உரிமக் காலம் நான்கு மாதம் முன்பே முடிந்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

ஒரு நகலை மாப்பிள்ளைக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, அன்று மாலை கே.கே. நகருக்குப் போய் அசலை என் தங்கை மகள் கையில் கொடுத்தேன்.

"அவ்வளவுதானா மாமா?" என்றாள்.

"அவ்வளவுதான். எல்லாம் முடிஞ்சுது."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அந்தத் தாளை பீரோவில் தன் டிகிரி சர்டிஃபிகேட்டுகளோடு வைத்துவிட்டு வந்து எனக்குக் காபி போட்டாள்.

எட்டு வருடம் கழித்து, அதாவது போன வருடம், அவள் பள்ளியிலேயே இயற்பியல் எடுப்பவர், மனைவியை இழந்தவர், அவளைக் கேட்டார். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு மாதம் யோசித்துச் சரி என்றாள். ஆர்ப்பாட்டம் வேண்டாம், பதிவுத் திருமணம் போதும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். "சாட்சிக் கையெழுத்து நீங்கதான் மாமா போடணும்" என்றாள். அந்த நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். இருமல் வந்தது போல இருமிவிட்டு, பூ எங்கே சொல்லியிருக்கிறாய் என்று கேட்டேன். முத்திரையைப் பார்த்து யாராவது ஏமாந்துவிட மாட்டார்களா என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. நான் ஏமாறாததற்கெல்லாம் ஊர் ஏமாந்துபோகும் என்று எதிர்பார்த்தேன்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோர்ட் டிகிரி, தீர்ப்பு காப்பி எங்க சார்?"

"இது நோட்டரி சான்று செஞ்ச ஒப்பந்தம்மா."

"அது தெரியுது. டிவோர்ஸ் டிகிரி?"

அவள் இன்னொரு தரம் தாளைப் புரட்டினாள். "பத்திரம் வாங்கினது பதினாலாந் தேதி. கையெழுத்துப் போட்டது பன்னெண்டு. பத்திரம் வர்றதுக்கு முன்னாடியே எப்படி சார் கையெழுத்துப் போட்டாங்க? காத்துலயா?" பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தாளை மரியாதையாக மடித்து என் தங்கை மகளிடம் கொடுத்து, "மேடம், இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. உங்க முதல் கல்யாணம் இன்னும் அப்படியேதான் இருக்கு. யார் எழுதிக் கொடுத்தாங்களோ அவங்களையே கேளுங்க" என்றாள்.

மாப்பிள்ளை ஆகவிருந்தவர் கையில் இரண்டு மாலைகள் இருந்த பிளாஸ்டிக் பை. அவர் அதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் கேட்டாள்.

"மாமா, உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

நான் நோட்டரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நேரில் பார்க்காமல் முத்திரை போட்டது, பதிவேட்டில் எழுதாதது, உரிமம் காலாவதியானது. அவன் மீது புகார் எங்கே கொடுக்கலாம், யாருக்கு நகல் அனுப்பலாம் என்பது வரை போய்விட்டேன். சொன்னது அத்தனையும் உண்மை. நோட்டரி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தாலும் அந்தத் தாள் அதே இருபது ரூபாய்த் தாள்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்தது. அவள் தன் கேள்வி எங்கே போயிற்று என்று தேடுவது போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி செய்ய வேண்டியது எட்டு வருடம் முன்பு செய்திருக்க வேண்டியதுதான், கூட்டு மனு. அதற்கு முதல் கணவரின் சம்மதம் வேண்டும். அவர் மறுத்தால் அவள் தனியாக வழக்கு நடத்த வேண்டும். அது எத்தனை வருடம் இழுக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். இயற்பியல் ஆசிரியர் காத்திருப்பேன் என்றார். அவர் அம்மாவுக்கு எண்பது வயது. அந்த அம்மாவால் எவ்வளவு காத்திருக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை.

டோல்கேட்டில் பஸ் மாறி மண்ணச்சநல்லூர் போனேன். ஆலைக்குப் பின்னால் அதே வீடு. வாசலில் தவிட்டு வாசனை. அப்போதெல்லாம் என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டவர் "வாங்க சார்" என்றார். உட்காரச் சொன்னார். உள்ளேயிருந்து ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. கழுத்தில் மஞ்சள் கயிறு.

அவர் மறுமணம் செய்திருப்பார் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை என்று தெரியவில்லை. 'இருவரும் விரும்பியபடி மறுமணம் செய்துகொள்ளலாம்' என்று எழுதிக் கொடுத்ததே நான்தானே.

"நாலு வருஷம் ஆச்சு சார். சமயபுரத்துல வெச்சுக் கட்டினேன். உங்க பத்திரத்தைக் காட்டினப்புறம்தான் இவங்க வீட்டுல பொண்ணே கொடுத்தாங்க."

சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் அது ஒரே வாக்கியம்தான். அந்தத் தாள் செல்லாது.

அவர் நிலைப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப இவ யாரு சார்?" என்றார்.

குழந்தைக்கு ஒரு குறையும் வராது, சட்டம் அதைப் பெற்றவர்களின் முறையான குழந்தையாகவே பார்க்கும் என்று அவசரமாகச் சொன்னேன். பிரிவு எண்ணைக்கூடச் சொன்னேன். நிலைப்படியில் நின்றுகொண்டிருந்த பெண் கேட்டாள்.

"புள்ளைக்குச் சரிங்க. எனக்கு?"

"கோர்ட்டுல தீர்ப்பு வாங்கினப்புறம், மறுபடி ஒரு தடவை முறைப்படி கல்யாணம் பண்ணிப் பதிவு பண்ணிட்டா..."

"மறுபடி தாலி கட்டிக்கணும்ங்கிறீங்க. இவனை இடுப்புல வெச்சுக்கிட்டா?"

"பேசாம இரு" என்றார் அவர்.

"நான் என்ன தப்பாக் கேட்டேன்? பெரிய கோர்ட்டுக்காரர் எழுதினதுன்னு எங்கப்பாகிட்ட நீங்கதானே சொன்னீங்க? அந்தக் கோர்ட்டுக்காரர் இவருதானா?"

"இவருதான்."

அவள் என்னை நன்றாக ஒருமுறை பார்த்தாள். பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். அவர் என்னைத் திட்டியிருந்தால் திரும்பி வரும் பஸ்ஸில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். "எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க சார். ஆனா இந்தத் தடவை நீங்க கொண்டு வர வேண்டாம். நானே வந்து போடுறேன்" என்று மட்டும் சொன்னார்.

வக்கீலை என் தங்கை மகளே தேடிக்கொண்டாள். தில்லைநகரில் அலுவலகம் வைத்திருக்கும் இளம் பெண். என் காலத்தில் அவர் மனுவையும் இரண்டு மூன்று முறை திருப்பியிருக்கிறேன் என்பது என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்ற விதத்தில் தெரிந்தது. மனு தயாராக இருந்தது. பழைய ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தாக வேண்டும், நீதிபதி கேட்பார். அந்தப் பத்தியை என்னிடம் படிக்கக் கொடுத்தார்.

'சட்ட அறிவு இல்லாத உறவினர் ஒருவரின் ஆலோசனையின்பேரில், மேற்படி ஒப்பந்தம் அறியாமையால் ஏற்படுத்தப்பட்டது.'

"சார், பேரு எதுவும் போடலை. இப்படிப் போட்டாத்தான் யாருக்கும் தொந்தரவு இல்லை" என்றார் வக்கீல். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் அவர் இடத்தில் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்துநான்கு வருடத்தில் பொய் மனு ஆயிரம் பார்த்திருக்கிறேன். எனக்காக ஒருவர் எழுதிய பொய்யை அப்போதுதான் பார்த்தேன். என் தங்கை மகள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அந்தப் பத்தியை அவள் ஏற்கெனவே படித்திருந்தாள்.

"சரியா இருக்கா மாமா?" என்றாள்.

"இல்லை" என்றேன். "அந்த உறவினருக்குச் சட்டம் தெரியும். செல்லாதுன்னு தெரிஞ்சுதான் எழுதினார்."

வக்கீல் கணினியைப் பார்த்துக்கொண்டார்.

"ஏன் மாமா?"

"வராந்தாவுல உன் பேரைக் கூப்பிடுவாங்கன்னு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அவ்வளவுதானா?" என்றாள். எட்டு வருடம் முன்பு தாளைக் கையில் வாங்கியபோது கேட்ட அதே கேள்வி. அன்று பதில் தயாராக இருந்தது. அவள் வக்கீல் பக்கம் திரும்பி, அறியாமை என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னாள். 'தாய்மாமன் எழுதிக் கொடுத்தார், நம்பிக் கையெழுத்திட்டோம்' என்று போட்டால் போதும் என்றாள். எழுந்திருக்கும்போது, "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சாட்சிக்கு அம்மா வரட்டும் மாமா" என்றாள். குரலில் கோபமே இல்லை. தங்கை அதன்பிறகு இரண்டு மாதம் எனக்கு ஃபோன் செய்யவில்லை. ஹைகோர்ட்டைப் பற்றியும் யாரிடமும் பேசவில்லை என்று கேள்வி.

எட்டு வருடமாகப் பிரிந்திருப்பதால் ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யும்படி கேட்டிருந்தார்கள். நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. விசாரணை நாளில் என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அத்தனை வருடம் போன அதே வழி.

வராந்தா பெஞ்சில் அந்த மண்ணச்சநல்லூர்ப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு இடம் காலியாக இல்லை. ஓரமாக உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

புதிய டவாலி. என்னைத் தெரியாதவர். ஹாலிலிருந்து வெளியே வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு என் தங்கை மகளின் பெயரைக் கூப்பிட்டார். மூன்று முறை. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வராந்தாவில் ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பார்கள். ஒருவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் ஃபோனில் யாரிடமோ மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. என் தங்கை மகள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வந்துட்டேங்க" என்று சொல்லி உள்ளே போனாள். பின்னாலேயே அவளுடைய முதல் கணவரும் போனார்.

"எதுக்குங்க மூணு தரம் கூப்பிடுறாங்க?" என்று கேட்டாள் பக்கத்திலிருந்த பெண்.

"காதுல விழலைன்னு யாரும் பிறகு சொல்லிடக் கூடாதுன்னுதான்."

அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"அன்னிக்கே ஒரு தரம் கூப்பிட்டிருந்தா போதுமேங்க" என்றாள்.

பதினைந்து நிமிடத்தில் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். அடுத்த வாரம் நகல் கிடைக்கும் என்று வக்கீல் சொன்னார். மண்ணச்சநல்லூர்க்காரர் குழந்தையை வாங்கிக்கொண்டார். அவர்கள் மூவரும் முன்னால் நடக்க, என் தங்கை மகள் கொஞ்சம் பின்தங்கி, பையிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். முத்திரைகளின் பச்சையும் ஊதாவும் இன்னும் மங்கவில்லை.

"இது உங்களுதுதானே மாமா" என்றாள்.

ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன்.